பல்லக்காவின் பச்சைக் கார்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு என் அக்கா வீட்டைக் கடந்து போகிறவர்கள், உள்ளே யாரோ யாரையோ வீட்டை விட்டுத் துரத்துகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். "அடப்பாவி, ஓட்டை மேல பட்டி மாவை வழிச்சு அப்புறானே! அடியில துரு அப்படியே இருக்குடா!" என்று அக்காவின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். திட்டு வாங்குகிற ஆளுக்கு அது காதில் விழாது. அவர் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருப்பார்.

நிகழ்ச்சியின் பெயர் 'பன்னிரண்டே நாள்'. துருப்பிடித்துக் கிடக்கும் பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்து, பன்னிரண்டு நாளில் பளபளவென்று ஆக்கி, சொந்தக்காரர் முன்னால் நிறுத்துவார்கள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். நடத்துகிறவர் தாடி வைத்த ஒரு ஆசாமி. ஒன்பதாம் நாள் தவறாமல் பட்டறையில் ஒரு சண்டை வரும். பதினோராம் நாள் தவறாமல் ஏதோ ஒரு பாகம் கிடைக்காமல் போகும். விளம்பரம் முடிந்ததும் கிடைத்துவிடும்.

"வெல்டிங்கை மூணு செகண்டு காட்டுறான், சண்டையை எட்டு நிமிஷம் காட்டுறான்," என்பாள் அக்கா. "ஒரு போல்ட்டாவது இறுகிக்கிச்சா பாரு. இவன்கிட்ட மட்டும் போல்ட்டெல்லாம் கழண்டுக்கோன்னு சொன்னதும் கழண்டுக்குமா? நான் பின்சக்கரத்துல ஒரே ஒரு போல்ட்டுக்கு நாலு ஞாயித்துக்கிழமை எண்ணெய் ஊத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அத்தான் இதையெல்லாம் கேட்டபடி டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பார். எதையும் இரண்டாம் தடவை சொல்லாத மனிதர். ஒரே ஒரு நாள் மட்டும், "பிடிக்கலைன்னா சேனலை மாத்திடேன்," என்றார்.

"மாத்திட்டா, இவன் என்ன பண்ணித் தொலைக்கிறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இந்தப் பதிலை நான் ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. நான் பார்த்தது வேறு. ஒரு வாரம்கூட விடாமல் பார்க்கிறாள். கல்யாண வீட்டிலிருந்து பாதியில் எழுந்து ஓடிவந்து பார்க்கிறாள். பிடிக்காததை யாராவது இப்படிப் பார்ப்பார்களா? உள்ளே ஆசை, வெளியே வீறாப்பு என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். நான் டைல்ஸ் கடை மேனேஜர். ஒரு வாடிக்கையாளர் குறை சொல்லிக்கொண்டே திரும்பத் திரும்ப ஒரே டைல்ஸ் முன்னால் வந்து நின்றால், அவர் அதைத்தான் வாங்கப் போகிறார் என்று அர்த்தம். முப்பது வருட அனுபவம் எனக்கு. அந்த அனுபவம்தான் என்னைக் குழியில் தள்ளியது.

அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவள் பல்செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, மெருகேற்றி அனுப்புகிற கூடம் ஒன்றில் முப்பத்தாறு வருடமாக வேலை பார்க்கிறாள். ஜன்னலோரம் ஒரு நீள மேஜை, ஒரு சிறிய அடுப்பு, வரிசையாக வாய் பிளந்து கிடக்கும் வெள்ளை அச்சுகள். முதல் தடவை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் கிலியாகத்தான் இருக்கும். அங்கே அவளுக்குப் 'பல்லக்கா' என்று பெயர். டாக்டர்களே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என் நண்பர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு அதில் பெருமை.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. பல்செட்டுக்கு அச்சு வந்தால் டாக்டரிடம் அந்த ஆளின் பழைய போட்டோவும் கேட்பாள். சிரிக்கிற போட்டோவாக இருக்க வேண்டும். ஒரு தடவை ரிட்டையரான தபால்காரர் ஒருவருக்கு முன்பல் ஒன்றை லேசாகச் சாய்த்து வைத்து அனுப்பினாள். டாக்டருக்குக் கோபம்.

"என்ன பல்லக்கா, கோணலா வெச்சிருக்கீங்க?"

"அவர் சிரிப்பே கோணல்தான் டாக்டர். நேரா வெச்சா அது வேற யாரோட வாயோ ஆயிடும்."

தபால்காரர் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனதும், அவர் மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் இரண்டு பேரும் கூடத்துக்கே வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இதை அக்கா என்னிடம் குறைந்தது பத்துத் தடவை சொல்லியிருப்பாள். நான் பத்துத் தடவையும் தலையாட்டியிருக்கிறேன்.

இனி கார். அது எங்கள் அப்பாவின் கார். கடைகளில் இருக்கும் தராசையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை போடுவது அப்பாவின் வேலை. டிக்கியில் மரப்பெட்டிக்குள் பித்தளை எடைக்கற்கள் அடுக்கியிருக்கும். குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் பின்னாலிருந்து கிணிகிணியென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் தெருவில் பாதிக் கடைக்காரர்கள் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். லீவு நாட்களில் எங்களையும் அழைத்துப் போவார். பழைய ரெக்சின், பெட்ரோல், பித்தளைப் பாலீஷ் மூன்றும் கலந்த வாசனை. இப்போதும் எங்காவது பித்தளை துலக்கினால் என்னையறியாமல் நின்றுவிடுவேன்.

அப்பாவுக்குச் சிறுவயதில் வந்த காய்ச்சலில் இடது கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. கிளட்சுக்கு எட்டாது. அதற்காக மிதியின் மேல் ஒரு மரக்கட்டையைத் திருகி வைத்திருந்தார். அது மட்டுமா? கண்ணாடி இறக்கும் கைப்பிடி உடைந்தபோது, அந்த இடத்தில் கரண்டிக் காம்பு ஒன்று வந்து உட்கார்ந்தது. ஹாரன் கெட்டபோது டாஷ்போர்டில் வீட்டு காலிங்பெல் பொத்தான் முளைத்தது. ஒரு மழைக்காலத்தில் வைப்பர் மோட்டார் செத்துப்போனது. அப்பா அசரவில்லை. இரண்டு வைப்பருக்கும் கயிறு கட்டி, ஒரு முனையை ஒரு ஜன்னல் வழியாக அக்கா கையிலும், இன்னொரு முனையை மறு ஜன்னல் வழியாக என் கையிலும் கொடுத்துவிட்டார். "பெரியவ இழு! சின்னவன் விடு! சின்னவன் இழு!" என்று கத்திக்கொண்டே ஓட்டுவார். நாங்கள் மூன்று பேரும் தொப்பலாக நனைந்து, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க வீடு வந்து சேர்ந்தோம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பிரயாணம் எதுவும் எனக்கு நினைவில்லை.

அந்தச் சிரிப்பெல்லாம் எங்கள் மூன்று பேருக்குள் இருந்தவரைதான். வெளியாள் கண்ணுக்கு அந்தக் கார் எப்படித் தெரியும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதன் பச்சை நிறம் கம்பெனிக்காரன் கொடுத்ததல்ல. வெளிக்கதவுக்கு அடிக்கிற பெயின்ட்டைப் பிரஷ்ஷால் அப்பாவே அடித்தது. பிரஷ் போன தடமெல்லாம் கோடு கோடாகத் தெரியும். இரண்டு இடத்தில் வழிந்து அப்படியே காய்ந்திருக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே கூச்சம். பெரியவனான பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை.

எனக்கு இருபத்து நான்கு வயதில் அப்பா போய்விட்டார். காரை அக்கா தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தி, தார்ப்பாயால் மூடினாள். இருபது வருடம் அது அப்படியே கிடந்தது. மகளுக்குக் கல்யாணம் ஆகி வீடு காலியான மாதம், தார்ப்பாயை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையிலிருந்து அவள் காருக்கு அடியில்தான் கிடந்தாள். துரு அரித்த அடித்தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைக்க, வெல்டிங் கடைக்குப் போய் நின்று கற்றுக்கொண்டு வந்தாள். எஞ்சினை அக்கக்காகக் கழற்றினாள். கழற்றியதையெல்லாம் பல்செட் அனுப்புகிற சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு, மேலே பென்சிலால் எழுதி அடுக்கினாள். மொத்தம் இருநூற்றுப் பதினாறு டப்பா.

ஏழாவது வருடம் கார் ஓடியது. "வாடா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்," என்று எனக்குப் போன் செய்தாள். கடையில் ஸ்டாக் எடுக்கிற வேலை என்று சொல்லிவிட்டேன். ஸ்டாக் எடுப்பது அதற்கு முந்தின வாரமே முடிந்திருந்தது.

ஒன்பதாவது வருடம் ஒரு நாள் கொட்டகைக்குப் போனேன். ஸ்டூல் மேல் உட்கார்ந்து, பல் துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, கதவில் அந்தப் பச்சைப் பெயின்ட் வழிந்து காய்ந்த இடத்தை மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒன்பது வருஷமா என்னதான்க்கா பண்றே? அப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு!"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியே இருக்குல்ல?" என்றாள், ஏதோ நான் மெடல் குத்திவிட்டதுபோல.

"டி.வி.ல பன்னெண்டு நாள்ல புதுசா ஆக்கிடுறாங்க."

"எந்தப் புதுசுடா? கம்பெனியிலேருந்து வந்தப்ப இந்தக் காரை நாம யாரும் பார்க்கல. நம்ம வீட்டுக்கு வந்தப்பவே இது மூணு கை மாறின கார். நான் ஆக்குறது அப்பா ஓட்டின காரை."

சொன்னாள். இதைவிடத் தெளிவாக ஒருத்தி சொல்ல முடியாது. என் மரமண்டையில்தான் ஏறவில்லை. அக்காவுக்கு வயதாகிறது, தனியாகப் போராடுகிறாள், முடிக்க முடியவில்லை, அதை மறைக்க ஏதோ சமாதானம் சொல்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. அன்று வீட்டுக்கு வந்ததும் 'பன்னிரண்டே நாள்' காரர்களுக்கு எழுதிப் போட்டேன். 'உங்கள் காரின் கதையை உருக்கமாகச் சொல்லுங்கள்' என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. உருக்கினேன். அப்பாவின் காலைப் பற்றி எழுதினேன், மரக்கட்டையைப் பற்றி எழுதினேன், ஒன்பது வருடமாக முடிக்க முடியாமல் தவிக்கும் மகள் என்று எழுதினேன். ஒரே வாரத்தில் பதில் வந்தது.

அதற்குத் தோதாக அக்கா மகளின் பிரசவத்துக்குக் கிளம்பிப் போனாள். ஒரு மாதம் வரமாட்டாள். கொட்டகைச் சாவி அத்தானிடம் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் வெகுநேரம் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளை ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா நல்லதில்ல?"

"கேட்டா அப்புறம் என்ன சர்ப்ரைஸ் அத்தான்? வாரம் தவறாம பார்க்கிறா, தெரியும்ல உங்களுக்கு?"

அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அதுதான் அவர் சுபாவம். அன்றைக்கு ஒரு நாளாவது அவர் கேட்டிருக்கக் கூடாதா என்று பிறகு பலமுறை அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. தப்பு செய்தவனுக்குத்தானே ஊரில் எல்லோர் மேலும் கோபம் வரும்.

ஐந்தாம் நாள் என்னைப் பட்டறைக்கு வரச் சொன்னார்கள். ஏதோ காட்சி எடுக்க வேண்டுமாம். போய்ப் பார்த்தால், கார் தோல் உரித்த மாதிரி வெறும் தகரமாக நின்றது. தரையெல்லாம் பச்சைத் தூள். ஒருவர் அதைத் துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். தூள் செருப்பில் ஒட்டாமல் ஒதுங்கி நடந்தேன்.

தாடிக்காரர் தோளில் கைபோட்டு வரவேற்றார். டி.வி.யில் தெரிவதைவிடக் குள்ளம். என் கையில் ஒரு பொருளைக் கொடுத்தார். அப்பாவின் மரக்கட்டை.

"சார், நீங்க எழுதியிருந்தீங்களே, அந்தக் கட்டை. கேமராவைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இதைக் குப்பைத்தொட்டியில தூக்கிப் போடுங்க. 'இனி இது வேண்டாம்'னு ஒரு வரி மட்டும் சொன்னா போதும்."

போட்டேன். சிரித்துக்கொண்டே போட்டேன். வெளிச்சம் சரியில்லை என்று எடுத்துக் கொடுத்தார்கள். மறுபடியும் போட்டேன். இரண்டாம் தடவை கையில் வாங்கியபோதுதான் கவனித்தேன், கட்டையின் ஒரு பக்கம் மட்டும் குழிந்து வழவழவென்று இருந்தது. அப்பாவின் செருப்பு தேய்த்த குழி. ஒளிபரப்பில் இந்தக் காட்சியை மெதுவாக ஓடவிட்டு, அடியில் இசை வேறு போட்டிருந்தார்கள்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தொட்டிப் பக்கம் போய் நின்றேன். கரண்டிக் காம்பு, காலிங்பெல் பொத்தான், கிழிந்த ரெக்சின் எல்லாம் உள்ளே கிடந்தன. எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? கேமராக்காரர் ஒருவர் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சற்று முன் சிரித்துக்கொண்டே எறிந்தவன், இப்போது குனிந்து பொறுக்கினால் என்ன நினைப்பார்? அந்த அற்பக் கௌரவத்துக்காகக் கையை வீசிக்கொண்டு வந்துவிட்டேன். அக்காவுக்குப் போன் செய்து சொல்லவும் தைரியம் வரவில்லை. பேரன் பிறந்த செய்தியை அவள்தான் போன் செய்து சொன்னாள். மூக்கு அப்படியே அப்பா மூக்கு என்றாள்.

அவள் ராத்திரி ஊர் திரும்பினாள்; கொட்டகைப் பக்கம் போவதற்குள் மறுநாள் காலையே படப்பிடிப்பு. பல்செட் கூடத்துக்குப் புது மேஜை பார்க்கப் போகிறோம் என்று பொய் சொல்லி, நானும் அத்தானும் அழைத்துப் போனோம். பட்டறை வாசலில் விளக்குகளையும் கேமராவையும் தாடிக்காரரையும் பார்த்ததும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. வாரம் தவறாமல் பார்த்தவளாயிற்றே. அத்தானைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் கண்ணைத் துணியால் கட்டினார்கள். கட்டவிட்டாள். அவிழ்த்தபோது எதிரே அது நின்றது.

செர்ரிச் சிவப்பு. மேலே வெள்ளைக் கூரை. சக்கரத்துக்குச் சக்கரம் குரோமியம். உள்ளே வெண்ணெய் நிறத்தில் தோல் சீட். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பார்த்த அந்த நிமிடம் என் மனசு குதித்தது. இதுதான், இந்தக் காரைத்தான் நான் சின்ன வயதில் மனசுக்குள் கேட்டேன் என்று குதித்தது. அதன் பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"எப்படிம்மா இருக்கு?" என்று தாடிக்காரர் கேட்டார்.

அக்கா காரை ஒரு சுற்று வந்தாள். கதவு இடுக்கில் விரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினாள், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே பார்ப்பதுபோல. குனிந்து உள்ளே கிளட்ச் மிதியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்தபோது முகத்தைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"பெயின்ட் அடிச்சது யாருங்க?" என்று கேட்டாள்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒல்லியாக ஒருவர் கையை உயர்த்தினார். அக்கா அவரிடம் போய், "நல்ல கைங்க உங்களுக்கு. ஒரு இடத்துல கூட வழியல," என்றாள். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். வீட்டில் உட்கார்ந்து அத்தனை வருடம் திட்டித் தீர்த்தவள், நேரில் ஒருவரையும் ஒரு சொல் சொல்லவில்லை.

தாடிக்காரருக்கு இது போதவில்லை. அழுகை வேண்டும். மூன்று தடவை கண்ணைக் கட்டி அவிழ்த்துப் பார்த்தார்கள். மூன்று தடவையும் அக்கா மரியாதையாக நின்றாள். கடைசியில் அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"கழட்டினதையெல்லாம் எங்கே வெச்சிருக்கீங்க?"

"அந்தக் குப்பையா? போன வாரமே லாரி வந்து அள்ளிட்டுப் போயிடுச்சும்மா. கவலையே வேண்டாம்."

அவள் சரி என்று தலையசைத்து, சாவியை வாங்கிக்கொண்டாள்.

காரை அவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்தில். அத்தான் என் வண்டியில் பின்னால் வந்தார். சத்தமே இல்லாமல் போனது கார். ஒரு குழியில் இறங்கி ஏறியபோது நான் என்னையறியாமல் பின்பக்கம் காதைத் தீட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு சிக்னல் தாண்டினோம். என்னால் தாங்க முடியவில்லை.

"திட்டவாவது செய்க்கா."

"எதுக்குடா திட்டணும்? நல்ல காராத்தான் இருக்கு. யாரோட கார்னுதான் தெரியல."

கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே சொன்னாள்: "கட்டையை நான் செஞ்சுக்குவேன். அளவு என்கிட்ட இருக்கு. கரண்டி, பொத்தான் எல்லாம் தேடினா கிடைக்கும். அந்தப் பெயின்ட்டைத்தான் என்னால பண்ண முடியாது. அது அப்பா கை."

"அது நல்லாவே இல்லையேக்கா," என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"உனக்குப் பதினோரு வயசு. அப்பா உன்னை ஸ்கூல்ல விட்டுட்டு வருவார்ல? நீ போஸ்ட் ஆபீஸ்கிட்டயே இறங்கிக்குவே. ஃப்ரெண்டோட நடந்து போறேன்னு சொல்லுவே. ஃப்ரெண்டெல்லாம் கிடையாதுன்னு அப்பாவுக்குத் தெரியும்டா. ஒருநாள் என்கிட்ட கேட்டார். 'ஏம்மா, சின்னவனுக்கு என் காலைப் பார்த்து வெட்கமா, காரைப் பார்த்து வெட்கமா?'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"காரைப் பார்த்துத்தான்னு சொன்னேன். வேற என்ன சொல்லுவேன்? அப்படியா, அப்ப சரி பண்ணிடலாம்னு சொன்னார். எவ்ளோ சந்தோஷம் அவருக்கு! அந்த லீவு முழுக்க உட்கார்ந்து பெயின்ட் அடிச்சார். நான்தான் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். முடிச்சுட்டுத் தள்ளி நின்னு பார்த்துட்டு, 'இனிமே வாசல் வரைக்கும் வருவான்ல?'ன்னு கேட்டார்."

அக்கா அதோடு நிறுத்திக்கொண்டாள். மீதியை அவள் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி திறந்த அன்று, வெயிலில் கோடு கோடாகத் தெரிந்த அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு, நான் போஸ்ட் ஆபீஸ் வரைக்கும்கூடப் போகவில்லை. அதற்கும் ஒரு தெரு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி இறங்கினேன். நான் இறங்கியதும் அப்பா உள்ளேயிருந்து எட்டிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கேட்க நினைத்தாலும் இனி அவரிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. அவர் எனக்காக அடித்த பெயின்ட் முறத்தில் அள்ளப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதேன். ஐம்பத்து மூன்று வயது ஆம்பிளை, தோல் சீட்டில் உட்கார்ந்து, விக்கி விக்கி அழுதேன். அக்கா ஓட்டிக்கொண்டே ஒரு கையால் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

என் தெரு வந்ததும் காரை மெதுவாக்கினாள். "எங்கேடா விடட்டும்?" என்றாள். குத்திக்காட்டவில்லை. முனையில் ஒரு லாரி குறுக்கே நின்றது, அதனால் கேட்டாள்.

"வாசல்லயே விடுக்கா," என்றேன்.

லாரி நகரும்வரை காத்திருந்து, வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், கதவில் தன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். அப்பாவின் கார் என்று அக்கா சொன்னதும் அவருக்குத் தாங்கவில்லை.

"அடடா, உங்கப்பா இருந்து பார்த்திருக்கணும் சார்!" என்றார்.

நான் ஆமாம் என்றேன்.